எந்த மாமா?

போன மாதம் தருமபுரியில் ஒரு பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஆற்றுப்படுத்துநர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம்பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வன்முறைக்கு ஆளான பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்வதை எழுதி, மறுபடி அது நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் அது. நானும் அந்த வேலையில் இருந்துதான் ஓய்வு பெற்றேன். 'கவுன்சிலர்' என்று சொன்னால் தெருவில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்கிறார்கள். அதனால் எனக்கு இந்த நீளமான பெயரே பிடிக்கும்.

இப்போது எல்லார் கையிலும் டேப்லெட் இருக்கிறது. பிள்ளை சொல்வதை அதிலேயே பதிந்துவிடலாமாம். 'உறவுமுறை' என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்குகிறது. அப்பா, அண்ணன், மாமா, பக்கத்து வீட்டார், பிறர். முன்வரிசையில் இருந்த பெண் எனக்குத் தொட்டுக் காட்டினாள்.

"ரொம்ப ஈசிங்க மேடம். எழுதவே வேணாம்."

"மாமான்னா, இதுல எந்த மாமா?" என்று கேட்டேன்.

"மாமான்னா மாமாதாங்க மேடம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. சொல்லவில்லை. கொடுத்த சால்வையை வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறி வந்து, பூட்டைத் திறந்து, விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன், ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். தவறு அலுவலகத்தினுடையது இல்லை, என்னுடையது.

நான் தமிழ் எம்.ஏ. வாத்தியார் வேலைக்குக் காத்திருந்து, அறிவொளி வகுப்பு எடுத்து, தபாலில் ஒரு டிப்ளமா படித்து, கடைசியில் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன். அப்போதே நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தமிழ் படித்த திமிர் எனக்கு நிறைய உண்டு. சுவரொட்டியில் சந்திப்பிழை இருந்தால் அன்று முழுக்க எனக்கு மனசு ஆறாது.

எனக்கு மேலதிகாரி கௌரம்மா மேடம். பென்னாகரம் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். தமிழை வேலைக்கு வந்த பிறகுதான் ஒழுங்காக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிள்ளைகளோடு பேசும் அறையை அவரே ஒழுங்கு செய்து வைத்திருந்தார். ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி. இரண்டும் எதிரெதிராக இருக்கக் கூடாது, ஜன்னலைப் பார்த்துச் சாய்வாக இருக்க வேண்டும். பிள்ளைதான் முதலில் நாற்காலியைத் தேர்ந்தெடுக்கும். கதவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிள்ளை எடுத்தால் நாம் கதவை மறைத்து உட்காரக் கூடாது. பையைக் கையிலிருந்து வாங்கக் கூடாது. தண்ணீரை முதலிலேயே வைத்துவிட வேண்டும். அழுத பிறகு கொடுத்தால் அழுகையை நிறுத்தச் சொல்வதாக ஆகிவிடும் என்பார்.

"'ஏன்'னு கேக்காதீங்க" என்பார். ஏன் போனே, ஏன் சொல்லலே என்று கேட்டால், குற்றம் தன்மேல் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க. நாம சொல்லித்தான் ஆகணும். யார் யாருகிட்ட சொல்லுவோம்னு அந்தப் புள்ளைக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

பிள்ளை பேசும்போது பென்சிலால் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வோம். அப்புறம் அதை வைத்து அறிக்கை எழுத வேண்டும். கௌரம்மா மேடம் என் அறிக்கையைப் படிக்கும் விதம் எனக்கு எரிச்சலாக வரும். பக்கத்தில் பென்சில் நோட்டை விரித்து வைத்துக்கொள்வார். சொல் சொல்லாக விரல் நகரும். ஒரு இடத்தில் நிற்கும்.

"'தகாத சீண்டல்'. இது யாரோட வார்த்தைங்க? பத்து வயசுப் புள்ள 'தகாத'ன்னு சொல்லுச்சா?"

"அது சொன்னதோட அர்த்தம் அதுதாங்க மேடம்."

"அர்த்தம் ஜட்ஜ் பாத்துக்குவாரு. புள்ள சொன்னத எழுதுங்க."

தமிழ் தெரியாத அம்மாளிடம் தமிழுக்குத் திருத்தம் வாங்க வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு திரும்ப எழுதுவேன். என் அறிக்கைகள் நல்ல தமிழில் இருக்கும் என்று மற்ற அலுவலகங்களில் சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

இந்த வேலையில் நடந்ததை வீட்டில் பேசக் கூடாது. நான் பேசியதில்லை. என் கணவர் மின்வாரியத்தில் இருந்தார். மாலையில் கம்பம் ஏறிய கதையெல்லாம் சொல்லிவிட்டு, "உங்க ஆபீஸ்ல என்ன?" என்பார். ஒண்ணுமில்லை என்பேன். வருடக்கணக்கில் ஒண்ணுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமில்லாத ஆபீசுக்கு எதுக்கு தெனம் போற?" என்று கிண்டல் செய்வார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. நான் அந்த வேலையில் என்ன செய்தேன் என்று தெரியாமலேதான் போனார்.

மலை ஊர்களிலிருந்தும் கீழே அரூர்ப் பக்கத்திலிருந்தும் எங்களுக்கு வந்தவற்றில் குழந்தைத் திருமணம் நிறைய. அதில் தாய்மாமன் பெயர் அடிக்கடி வரும். முறைமாப்பிள்ளை, உரிமை, அக்கா மகளை வெளியில் கொடுக்க மாட்டேன் என்று நிற்பார்கள். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைத் தாலிக்கு முந்தின நாள் போய் அழைத்து வந்தோம். அவள் தாய்மாமன் ஜீப்புக்கு முன்னால் படுத்துக்கொண்டான். இப்படி மூன்று நான்கு பார்த்த பிறகு, தாய்மாமன் என்றாலே எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் கோகிலா வந்தாள்.

எட்டாம் வகுப்பு. சித்தேரி மலையில் ஓர் ஊர். அப்பாவும் அம்மாவும் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். அதனால் அவளைக் கீழே அத்தை வீட்டில், அப்பாவின் அக்கா வீட்டில், விட்டுப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமையானால் அம்மாவின் தம்பி அண்ணாமலை பஸ்ஸில் வந்து மலைக்கு அழைத்துப் போவார். ஞாயிறு மாலை கொண்டுவந்து விடுவார். அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சாமையும் கேழ்வரகும் போடுகிற சின்ன வெள்ளாமை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ஒரு நாள் பள்ளி முடிந்தும் கோகிலா வீட்டுக்குப் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் கேட்டதற்கு, "மாமா தப்புப் பண்றாருங்க டீச்சர்" என்றிருக்கிறாள். டீச்சர் நல்லவர். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் எங்களுக்குப் போன் செய்துவிட்டார்.

கௌரம்மா மேடம் அப்போது கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருந்தார். பொறுப்பு என் கையில். நாற்காலி, ஜன்னல், தண்ணீர் எல்லாம் சரியாகத்தான் வைத்தேன். பிள்ளை பொறுமையாக, விட்டு விட்டுச் சொன்னாள். என் பென்சில் நோட்டில் 'மாமா' என்று ஏழு இடத்தில் இருக்கிறது. பிறகு பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அன்றே அறிக்கை போக வேண்டும். எழுத உட்கார்ந்தேன். 'மாமா' என்பது பேச்சு வழக்கு, பொத்தாம்பொதுவான சொல், அறிக்கைக்கு ஆகாது என்று தோன்றியது. 'தாய்மாமன்' என்று எழுதினேன். சனி ஞாயிறு தனியாக அழைத்துப் போகிறவர், கல்யாணமாகாதவர், முறை உள்ளவர். எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. படித்துக் காட்டினேன். 'எனது தாய்மாமன் என்பவர் கடந்த சில மாதங்களாக' என்று தொடங்கி ஒரே மூச்சில் வாசித்து, சரியா என்றேன். தலையை ஆட்டினாள். கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அத்தையும் அவள் கணவரும் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "எங்க புள்ள மாதிரி வெச்சுக்கறோம்ங்க. அந்தப் பய இனிமே வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது." நான் அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பான இடம் என்று எழுதிக் கொடுத்தேன். குழந்தைகள் நலக் குழுவில், அவர்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, அங்கே போகிறாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள், பிள்ளையை அங்கேயே விட்டார்கள். போலீசும் என் தாளை அப்படியே வாசித்து, சரியா என்றுதான் பிள்ளையிடம் கேட்டது. அண்ணாமலையை மலையிலிருந்து பிடித்து வந்து ரிமாண்ட் செய்தார்கள்.

பத்தொன்பது நாள்.

இருபதாம் நாள் மாஜிஸ்திரேட் முன்னால் அவள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் போய், அந்த அறை எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லி வைப்பது வழக்கம். மதியம் பள்ளிக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் உட்கார்ந்தோம். மெலிந்து போயிருந்தாள். நகத்தை எல்லாம் கடித்து வைத்திருந்தாள்.

"மாமன் ஊர்க்காரங்க யாராவது வந்து மிரட்டறாங்களா கண்ணு?" என்று கேட்டேன்.

"மாமனா? அவங்க எதுக்குங்க மிரட்டறாங்க? மாமன் வந்தாத் தேவலீங்க மேடம். என்னய மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க." "காட்டுல மரம் வெட்டினாங்கன்னு புடிச்சிட்டாங்களாமே. மாமா சொன்னாரு. எப்ப வுடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"மாமா சொன்னாருன்னா, யாரு கண்ணு?"

"மாமாங்க. அத்தை வூட்டு மாமா."

அவள் வீட்டில் அம்மாவின் தம்பி 'மாமன்'. அத்தையின் கணவர் 'மாமா'. பிறந்ததிலிருந்து அவள் இரண்டையும் மாற்றிச் சொன்னதில்லை. என்னிடமும் மாற்றிச் சொல்லவில்லை. மாற்றியது நான்.

"அன்னிக்கு நான் படிச்சுக் காட்டினேனே, அப்பவே..." என்று ஆரம்பித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போகிறேன் என்பது தெரிந்து வாயை மூடிக்கொண்டேன். ஆனால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க படிச்சது பாடப் புஸ்தகம் மாதிரி இருந்துச்சுங்க மேடம். எனக்குப் புரியல. கேட்டா மக்குன்னு நெனப்பீங்கன்னு தலையாட்டிட்டேன். தப்புங்களா?"

தப்பு உன்னுடையது இல்லை என்று சொன்னேன். அந்தப் பத்தொன்பது நாளில் அந்த வீட்டில் நடந்ததை அவள் நீதிமன்றத்தில், மூடிய கதவுக்குள் சொன்னாள். நான் இங்கே எழுத மாட்டேன். நடந்தது. பாதுகாப்பான இடம் என்று நான் எழுதிக் கொடுத்த வீட்டில் நடந்தது.

பள்ளி வராந்தாவிலிருந்து கௌரம்மா மேடத்துக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "யாவ மாவ?" என்று கன்னடத்தில் முணுமுணுத்தார். எந்த மாமா என்று அர்த்தம். பிறகு, "எங்க பேச்சுலயும் அப்படித்தாங்க. மாவன்னா ரெண்டு மூணு பேரு இருப்பாங்க. எந்த மாமான்னு நீங்க கேக்கலியா?" என்றார்.

"கேக்கலைங்க மேடம்."

"புள்ளய வுட்டு நகராதீங்க. துணி எடுக்கணும்னு கூட அந்த வூட்டுக்கு அனுப்பாதீங்க. நான் வர்றேன்."

ஒரு கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பொழுது சாய்வதற்குள் பிள்ளை வேறொரு ஊரில் பெண்குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். புதிய அறிக்கையைக் கோகிலாவின் சொற்களிலேயே எழுதினேன். மேடம் ஒரு இடத்திலும் விரலை நிறுத்தவில்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரரை மறுநாள் கைது செய்தார்கள். அண்ணாமலை வெளியே வர இன்னும் நான்கு நாள் ஆனது.

எல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் மேடம் முன்னால் போய் நின்றேன். திட்டுங்க மேடம் என்று நானே கேட்டேன்.

"திட்டினா உங்களுக்கு லேசாயிடும்ங்க" என்றார். "நடந்தத உங்க கையாலயே எழுதிக் கோப்புல வைங்க. நல்ல தமிழ்ல வேணாம்."

எழுதினேன். 'பிள்ளை மாமா என்று சொன்னாள். நான் தாய்மாமன் என்று எழுதினேன். எந்த மாமா என்று கேட்கவில்லை.' மூன்று வரிதான். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள், எச்சரிக்கை கொடுத்தார்கள். அவ்வளவோடு விட்டார்கள். வேலை போயிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அன்று வீட்டுக்குப் போனபோது என் கணவர் தட்டைப் போட்டுக் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் தட்டைப் பார்த்து, "ஏன் கொழம்பே ஊத்தாம சாப்பிடற?" என்றார். ஒண்ணுமில்லை என்றேன். அவ்வளவு பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தும் அன்றைக்கு நான் இருந்த தனிமையை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வழக்கு நடந்து அந்த ஆளுக்குத் தண்டனை ஆனது. அதற்கு மூன்று வருடம் ஆயிற்று. தீர்ப்பன்று அத்தை என்னைப் பார்த்து, "ரெண்டு ஆம்பளையும் உன்னால ஜெயிலுக்குப் போனாங்க" என்றாள். அதில் பாதி உண்மை.

தீர்ப்புக்குப் பிறகு நான் மலைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அரூரில் பஸ் ஏறினேன். மேலே போகப் போகக் காது அடைத்தது. விசாரித்துக்கொண்டு போனபோது அண்ணாமலை சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னை யாரென்று தெரியவில்லை. ஏதோ கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து, வரப்பில் இருந்த துண்டை உதறி விரித்து, "உக்காருங்க" என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன். தாளில் உங்கள் பெயர் வந்தது போலீசால் இல்லை, பிள்ளையால் இல்லை, என்னால் என்று சொன்னேன். கோகிலா 'மாமா' என்றதையும், தமிழ் படித்த திமிரில் நான் எழுதியதையும் சொன்னேன்.

அவர் களைக்கொத்தைக் கீழே வைத்தார். அவர் கோபத்தில் கத்துவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

"எனக்குப் பாத்த பொண்ண வேற எடத்துல குடுத்துட்டாங்க. ஊர்ல இப்பவும் சில பேரு பொம்பளப் புள்ளைங்கள என் காட்டுப் பக்கம் அனுப்பறதில்ல. அது போவுதுங்க" என்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க. கேஸு நடக்கறப்ப, கோர்ட்டு சரின்னு சொன்னப்புறம் அந்த இல்லத்துக்குப் புள்ளயப் பாக்கப் போனேன். தூரத்துலயே பாத்துட்டு ஓடியாந்துச்சு. சின்னதுலருந்து மாமோய்னு கத்திக்கிட்டுத்தான் ஓடியாரும். கிட்ட வந்து, 'மா'ன்னுச்சு. அதோட நின்னு போச்சு. மொகமே மாறிப் போச்சுங்க. அப்புறம், 'வாங்க'ன்னு மட்டும் சொல்லுச்சு."

"மாசாமாசம் போறேன். முறுக்கு வாங்கிட்டுப் போறேன். நல்லாத்தான் பேசுது. ஆனா எதுவுஞ் சொல்லிக் கூப்புடறதில்ல. 'ஏங்க'ங்குது. பஸ்ஸுல பக்கத்து சீட்டு ஆளக் கூப்புடற மாதிரி 'ஏங்க'ங்குது. அந்த வார்த்தைய வாயில எடுக்க முடியல போலருக்கு. மாமனும் மாமாவும் அதுக்கு ஒண்ணாப் போச்சு."

கோர்ட்டிலும் போலீசிலும் இல்லாத ஒரு தண்டனையை இந்த மனிதருக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுதேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீங்க தமிழ் படிச்சவங்கன்னு சொன்னீங்க. மாமனுக்கு வேற ஏதாச்சும் வார்த்தை இருக்குங்களா? இருந்தாச் சொல்லுங்க. அடுத்த தடவ போறப்ப அதுக்குச் சொல்லித் தரேன்."

எனக்கு ஒரு சொல் தெரியும். 'அம்மான்'. தாயின் உடன்பிறந்தவனுக்குப் பழைய தமிழில் உள்ள சொல், அம்மாவும் உள்ளே இருக்கிற சொல். நாக்கு நுனிவரை வந்தது. அது எவ்வளவு பொருத்தமான சொல் என்று ஒரு கணம் எனக்குப் பெருமைகூட வந்துவிட்டது. அந்தப் பெருமையை உணர்ந்தவுடன் பயந்து போனேன். அவள் வாயில் இன்னொரு தடவை என் சொல்லை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். கீழே வளைவில் பஸ் வரும் சத்தம் கேட்டது.

"பரவாயில்லீங்க. அதுவா ஏதாச்சும் ஒண்ணு சொல்லிக் கூப்புடற வரைக்கும் போயிக்கிட்டே இருக்கறேன்" என்றார்.